குழாய் ஸ்பீக்கரில் தகரச் சத்தம்: கேள்வி பதில்

முப்பது வருடமாகக் குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். "உலோகக் குழாயில் வரும் மணிச்சத்தத்தை எப்படிக் குறைப்பது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (மைக்செட் உரிமையாளர், உசிலம்பட்டி): அண்ணே, என்னிடம் ஆறு அலுமினியக் குழாய் இருக்கிறது. ரெண்டில் மட்டும் பேச்சு நின்ற பிறகும் 'ங்ங்' என்று இழுக்கிறது. யூனிட்டை (குழாயின் பின்னால் மாட்டும், ஒலி எழுப்பும் பகுதி) மாற்றிப் பார்த்தும் போகவில்லை. குழாய்தான் காரணமா?

பதில்: யூனிட்டை மாற்றியும் போகவில்லை என்றால் குழாய் மேல் சந்தேகப்படலாம் தம்பி. ஆனால் எதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். யூனிட்டைக் கழற்றாமல் குழாயைக் கயிற்றில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் விளிம்பில் தட்டுங்கள். நல்ல குழாய் 'டொக்' என்று அடங்கும். கெட்டது கோயில் மணி மாதிரி 'டங்ங்' என்று நீளும்.

அடுத்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு ஆம்ப்ளிபையரில் கொடுங்கள். 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000 வரை மெதுவாக ஏற்றுங்கள். சத்தம் திடீரென்று தூக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, ரெண்டு கையாலும் விளிம்பை இறுக்கிப் பிடியுங்கள். சத்தம் மாறினால் உலோகம் பாடுகிறது. துளியும் மாறவில்லை என்றால் உள்ளே இருக்கும் காற்றுதான் பாடுகிறது. இந்த ரெண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு.

மறக்காமல் நடு போல்ட், ரிவெட், தாங்கிக் கம்பி எல்லாவற்றையும் முறுக்கிப் பாருங்கள். நான் பார்த்த 'ரீங்காரக்' குழாய்களில் பாதிக்கு மேல் போல்ட் தளர்ந்தவைதான்.

கேள்வி (அதே நண்பர்): அண்ணே, ஒன்றில் கை வைத்ததும் சத்தம் அடங்கிவிட்டது. இன்னொன்றில் ஒன்றும் மாறவில்லை. அதை என்ன செய்வது?

பதில்: கை வைத்ததும் அடங்கியதற்கு அடுத்த கேள்வியில் மருந்து இருக்கிறது. அடங்காததைப் பற்றிச் சொல்கிறேன்.

யூனிட்டிலிருந்து கிளம்பும் ஒலி குழாய் வாய்க்கு வந்ததும் திறந்த வெளியைச் சந்திக்கிறது. அந்தத் திடீர் மாற்றத்தில் கொஞ்சம் ஒலி திரும்பி உள்ளே போகும். போய் மறுபடி வரும். புல்லாங்குழலில் சுரம் நிற்பதும் இதனால்தான். மடித்த குழாயில் ஒலி போகும் பாதை 80 செ.மீ. என்று வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். அப்படியானால் சுமார் 220 ஹெர்ட்ஸுக்கு ஒரு தூக்கல் வரும். தூக்கல்கள் இப்படிச் சீரான இடைவெளியில் வந்தால் அது காற்றின் வேலை. வெளியே எவ்வளவு தார் பூசினாலும் போகாது. வாய் பெரிய குழாய்க்கு மாறுவது ஒரு வழி. ஈக்குவலைசரில் அந்த இடங்களைக் கொஞ்சம் இறக்குவது இன்னொரு வழி.

கேள்வி (எலெக்ட்ரானிக்ஸ் மாணவர், திருச்சி): சார், குழாய் மேல் எம்-சீல் அப்பினேன். மணிச்சத்தம் குறையவே இல்லை, சுருதி மட்டும் ஏறிவிட்டது! ஏன்?

பதில்: நல்ல கவனிப்பு தம்பி. எம்-சீல் காய்ந்தால் கல். கல்லை ஒட்டினால் தகடு விறைப்பாகும், அதிர்வெண் மேலே ஏறும். ஆனால் அதிர்வு அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் அந்த ஆற்றலை விழுங்க அங்கே ஒன்றும் இல்லை. சில சமயம் இது இருந்ததைவிட மோசம். மணியின் சுருதி நம் காது கூர்மையாக இருக்கும் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறிவிட்டால் இன்னும் குத்தும்.

நமக்கு வேண்டியது அதிர்வைச் சூடாக மாற்றும் பொருள். இயற்கை ரப்பர் இதற்கு அவ்வளவு உதவாது, அது துள்ளும் ஜாதி. பியூட்டைல் ரப்பர் நேர் எதிர். அதில் செய்த பந்தைக் கீழே போட்டால் சாதாரண வெப்பத்தில் எழும்பவே எழும்பாது. விழுந்த ஆற்றலை அது தின்றுவிடுகிறது. கார் கதவுக்குள் ஒட்டும் அலுமினியம் பூசிய கருப்பு ஷீட் பெரும்பாலும் இந்தப் பியூட்டைல்தான். சென்னையில் ஜி.பி. ரோட்டில், மற்ற ஊர்களில் கார் அலங்காரக் கடைகளில் கேளுங்கள்.

அந்த ஷீட்டில் மேலே இருக்கும் அலுமினியத் தாள் அழகுக்கு இல்லை. குழாய்ச் சுவர் வளையும்போது கீழே உலோகமும் மேலே தாளும் எதிரெதிராக நழுவப் பார்க்கும். நடுவில் மாட்டிய ரப்பர் அரைபட்டுச் சூடாகும். ஆற்றல் அங்கேதான் போகிறது. மேல் தாள் கனமாக இருந்தால் அரைபடுவது இன்னும் நன்றாக நடக்கும். அதனால் நான் ஷீட்டின் மேல் அரை மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டுவேன். வித்தியாசம் தட்டினாலே தெரியும்.

காசு இல்லையா? பழைய வண்டி டியூபும் பெரும்பாலும் பியூட்டைல்தான். பட்டையாக வெட்டி, ரப்பர் பசையில் ஒட்டி, மேலே மெல்லிய தகடு வைத்து ஒட்டுங்கள். அலுமினியத்தை உப்புத்தாளால் சுரண்டி, தின்னரால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். காற்றுக் குமிழ் இருக்கும் இடத்தில் பலன் பூஜ்யம்.

குழாய் முழுவதையும் மூட வேண்டியதில்லை. விளிம்பிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றி ஒட்டினால் பெரும்பங்கு வேலை முடிந்தது, அதிகம் ஆடும் இடம் அதுதான். கழுத்துப் பக்கம் குறுகலாகவும் கெட்டியாகவும் இருப்பதால் அது சும்மா இருக்கும்.

கேள்வி (பந்தல் ஒப்பந்தக்காரர், கரூர்): தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

பதில்: நிழலில் போதும். தகடு ஒரு மில்லிமீட்டர் என்றால் தார் ரெண்டு மில்லிமீட்டராவது வேண்டும். மெல்லிய பூச்சில் தடிப்பை இரட்டித்தால் பலன் ஏறக்குறைய நாலு மடங்காகும், அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் மரத்தில் கட்டிய குழாயில் தார் உருகி வழியும், வேட்டியில் சொட்டும். வெளியே கட்டுவதற்குப் பியூட்டைல்தான். எடை கூடுவதால் கட்டும் கயிற்றோடு இன்னொரு காப்புக் கயிறும் போடுங்கள். கீழே ஜனங்கள் உட்காருவார்கள்.

கேள்வி (இசை ஆர்வலர், கோவை): சார், மூடப்பட்ட ஒரு தியேட்டரிலிருந்து அல்டெக் 511பி குழாய் ரெண்டு வாங்கினேன். வீட்டில் வைத்தால் வயலினில் கண்ணாடி மாதிரி ஒரு கூர்மை. குழாயைச் சுற்றிப் பெட்டி கட்டி மணல் நிரப்பச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: கொடுத்துவைத்தவர் சார் நீங்கள்! அமெரிக்க அல்டெக் கம்பெனியின் 'வாய்ஸ் ஆஃப் தி தியேட்டர்' ஸ்பீக்கர் வரிசையில் ஏ7-500 பெட்டியின் மேல் உட்கார்ந்த குழாய் அது. 500 ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்ய வடிவமைத்த வார்ப்பு அலுமினியம். அதன் தம்பி 811பி 800-லிருந்து. ரெண்டுமே மணியடிப்பதில் பேர் போனவை. மேலும் கீழும் இருக்கும் அகலத் தகடுகள்தான் காரணம். தியேட்டரில் திரைக்குப் பின்னால், இருபது முப்பது மீட்டர் தள்ளி இருந்தவருக்கு அது பெரிதாகப் படவில்லை. நீங்கள் மூன்று மீட்டரில் உட்கார்கிறீர்கள்.

மணல் நன்றாக வேலை செய்யும், பொய் சொல்ல மாட்டேன். மணலுக்கு மணல் உரசி அதிர்வைத் தின்றுவிடும். ஆனால் காய்ந்த மணல் லிட்டருக்கு ஏறக்குறைய 1.6 கிலோ. ஒரு பெட்டிக்கு 40 லிட்டர் பிடித்தாலே 64 கிலோ. அதைவிடப் பயம், ஒரு துகள் யூனிட்டின் காந்த இடைவெளிக்குள் போனால் டயாப்ரம் (அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடு) போச்சு. அந்த டயாப்ரத்துக்கு இன்று எங்கே போவது?

நான் செய்வது இது. அகலத் தகடுகளின் வெளிப்பக்கம் நடுவில் பியூட்டைல் ஷீட் ரெண்டு அடுக்கு, மேலே அலுமினியக் கீற்று. பின்னால் தொங்கும் கனமான யூனிட்டுக்குக் கீழே ரப்பர் அட்டை வைத்து ஒரு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் முழு எடையும் கழுத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வாய் விளிம்பு பெட்டியைத் தொடும் இடத்தில் ஃபோம் பட்டை. இத்தனைக்குப் பிறகும் கூர்மை இருந்தால் அது உலோகம் இல்லை. கிராஸ்ஓவரையும் (அடிக்குரலையும் மேல்குரலையும் பிரித்துக் கொடுக்கும் சுற்று) யூனிட்டையும் பாருங்கள்.

இன்னொன்று: வாய் பல சின்ன அறைகளாகப் பிரிந்திருக்கும் பழைய குழாய்களில் தார் போன்ற பூச்சு இருந்தால், அது மணிச்சத்தத்தை அடக்கப் பூசியது, சுரண்டிப் பளபளவென்று ஆக்கிவிடாதீர்கள். அழுக்கு என்று நினைத்து நிறைய பேர் அதைக் கெடுத்திருக்கிறார்கள்.

கேள்வி (இன்னொரு நண்பர், வேலூர்): குழாய்க்கு உள்ளே பஞ்சு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். உள் வளைவுதான் குழாயின் உயிர். கண்ணறை திறந்த ஃபோமை வாய்ப்பகுதியில் நிரப்பும் முறை ஒன்று உண்டு. அது உள்ளே அங்கும் இங்கும் மோதும் காற்றொலியைக் குறைக்க, சுவர் அதிர்வுக்கு இல்லை. மேல் ஸ்தாயியும் கொஞ்சம் போகும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, விருத்தாசலம்): ஐயா, காலைப் பிரார்த்தனையின்போது மாணவர்கள் மைக்குக்குப் பக்கத்தில் பேசினால் குழாய் 'கரகர' என்கிறது. குழாய் அதிர்வுதானா?

பதில்: இல்லை அம்மா, அது அடிக்குரல் செய்யும் வேலை. வாய் 40 செ.மீ. குழாயின் சுற்றளவு சுமார் 1.26 மீட்டர். அதற்கு ஈடான அலைநீளம் 280 ஹெர்ட்ஸ் அருகில். அதற்குக் கீழே குழாய் யூனிட்டைத் தாங்காது, டயாப்ரம் பிடிமானம் இல்லாமல் ஆடி இடிக்கும். மைக்குக்கு ஒட்டிப் பேசினால் அடிக்குரல் இன்னும் கூடும்.

16 ஓம் யூனிட்டாக இருந்தால் 33 மைக்ரோஃபாரட், 100 வோல்ட், துருவமில்லாத கெபாசிட்டர் ஒன்றை வரிசையில் போடச் சொல்லுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாக அடங்கும். 100 வோல்ட் லைன் டிரான்ஸ்பார்மரில் 25 வாட் முனை என்றால் 1.5 மைக்ரோஃபாரட், 250 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டர். செலவு மிகக் குறைவு, யூனிட்டின் ஆயுளும் கூடும். பிள்ளைகளை மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கேள்வி (கோயில் விழாக் குழு, மயிலாடுதுறை): எல்லாம் செய்தும் நாதஸ்வரம் மட்டும் காதைக் கிழிக்கிறது.

பதில்: நாதஸ்வரத்தின் பலம் மேல் சுரங்களில். குழாயும் 2000 முதல் 4000 வரை தூக்கித்தான் கொடுக்கும், காதும் அங்கேதான் கூர்மை. ஷீட் ஒட்டி இது சரியாகாது. 3000 ஹெர்ட்ஸ் அருகே நாலைந்து டெசிபல் இறக்குங்கள், மைக்கை அணசுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில், துளைகளைப் பார்க்கும்படி வையுங்கள். குழாயை ஜனங்கள் தலைக்கு மேலே போகும்படி கொஞ்சம் நிமிர்த்துங்கள். இதற்கு மேலும் குத்தினால் எந்தக் குழாய், எந்த ஆம்ப்ளிபையர் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.