பிறந்த ஊர் கார்க்கா, மேயோவா?

வணக்கம். உங்கள் கணவரின் கொள்ளுத்தாத்தா பிறந்தது அயர்லாந்தின் கார்க் கவுண்டி (மாவட்டம்) என்று இறப்புச் சான்றிதழும், அங்குள்ள மேயோ கவுண்டி என்று குடும்பத்தின் பிறப்பு இறப்புகளைக் குறித்துவைக்கும் குடும்ப பைபிளும் கூறுவதாகவும், பிறந்த ஆண்டு கல்லறையில் 1842 என்றும் 1900ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில் 1847 என்றும் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

எந்த ஆவணம் சரி என்று தீர்மானிப்பதற்கு முன், அதிலுள்ள தகவலை யார், எப்போது சொன்னார்கள் என்று பாருங்கள். இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவர் மருமகனாக இருந்தால், மாமனார் கப்பலேறிய குயின்ஸ்டவுன் துறைமுகம் கார்க் கவுண்டியில் இருப்பதால், அதையே அவர் பிறந்த இடமாக எண்ணியிருக்கக்கூடும். நான் பைபிளையே முதலில் நம்புவேன், அது நிகழ்வுகளை ஒட்டி வெவ்வேறு மையில் எழுதப்பட்டிருந்தால். எல்லா வரிகளும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் பின்னாளில் நினைவிலிருந்து எழுதியதாகவே கொள்ள வேண்டும். ஐந்தாண்டு வயது வேறுபாட்டுக்காக மட்டும் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அக்காலத்தில் பலருக்குத் தம் வயது துல்லியமாகத் தெரியாது.

அயர்லாந்தில் எல்லாப் பிறப்புகளையும் அரசு பதியத் தொடங்கியது 1864இல்தான். 1851 வரையான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி 1922இல் டப்ளினில் எரிந்துபோனது. எனவே கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதிகளின்) திருமுழுக்கு (ஞானஸ்நானம்), திருமணப் பதிவேடுகளே கதி. அவற்றை அயர்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பல லத்தீனில் இருப்பதால், ஜேம்ஸ் என்பவரை யாகோபுஸ் (Jacobus) என்று தேடுங்கள்.

பங்கின் பெயர் தெரியாமல் அங்கே இறங்க வேண்டாம். முதலில் அமெரிக்காவில் அவருடைய திருமணப் பதிவையும், பிள்ளைகளின் திருமுழுக்கில் நின்ற ஞானப்பெற்றோரையும், உடன்பிறந்தோரின் கல்லறைகளையும் பாருங்கள். ஊர்ப்பெயர் பெரும்பாலும் அவர்கள் பக்கத்தில்தான் கிடைக்கிறது.