பாடி வந்தது, ரிப் வரவில்லை: முதலில் நிட்டிங் சலானைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. திருப்பூரில் டீ-ஷர்ட் ஆர்டர், பாடித் துணி (சட்டையின் உடல் பகுதிக்கானது) நேரத்துக்கு வந்துவிட்டது, கழுத்து ரிப் (கழுத்துப் பட்டைக்கான இழுபடும் பின்னல் துணி) நான்கு நாள் தள்ளி வந்து நிறமும் ஒட்டவில்லை, தையல் லைன் சும்மா நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சாயப்பட்டறையைத் திட்டுவதற்கு முன் நிட்டிங் சலான்களின் (துணி பின்னும் இடத்திலிருந்து சரக்கோடு போகும் சீட்டுகளின்) தேதியைப் பாருங்கள். பாடி ஓர் இடத்திலும் ரிப் வேறு இடத்திலும் பின்னல் ஓடியிருந்தால், பெரும்பாலும் ரிப் அங்கேயே தாமதமாகியிருக்கும். பட்டறைக்காரர் காத்திருக்காமல் பாடியை மட்டும் மெஷினில் ஏற்றியிருப்பார். தனியாகச் சாயம் ஏறிய ரிப் அப்படியே ஒத்துவருவது கஷ்டம்.

எனக்கும் இது நடந்தது. ஆபீஸ் டியூப்லைட்டில் இரண்டும் ஒரே நேவி. வாசலில் வெயிலில் பிடித்தால் ரிப் சிவப்படித்தது. அப்புறம் ரிப் நிட்டிங்கை இரண்டு நாள் முன்பே முடித்து, இரண்டையும் ஒரே சலானில் அனுப்பி, 'பாடியும் ரிப்பும் ஒரே பாத்' (ஒரே சாயத் தொட்டியில் ஒன்றாக) என்று அதிலேயே எழுதிவிடுகிறேன்.

இப்போதைக்கு ரிப்பை வெட்டாதீர்கள். லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டி), பகல் வெளிச்சம் போன்ற டி65 விளக்கில் பாடியோடு வைத்துப் பாருங்கள். ரிப் வெளிறியிருந்தால் டாப்பிங் செய்து (மேலே இன்னும் கொஞ்சம் சாயம் ஏற்றி) சரிக்கட்டலாம். அடர்ந்திருந்தால் ஸ்டிரிப்பிங் (ஏறிய சாயத்தைக் கழற்றுவது) வேண்டும், துணியின் பலம் குறையும். அதற்குப் பதில் புது ரிப் பின்னி ஓட்டுவதே மேல்.