பழைய சைக்கிள் வாங்குறீங்களா? கவுத்துப் போட்டு நம்பரைப் பாருங்க

பெரியபட்டினத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. எட்டாவது படிக்கிற மகனுக்கு டியூசன் போயிட்டு வர சைக்கிள் வேணும், புதுசு வாங்க இப்போ தோது இல்ல, ஆன்லைன்ல ஒரு கியர் சைக்கிள் பாத்தாராம், கடையில 14,000 ரூபா விக்கிற மாடலு, 3,500க்குத் தர்றேங்குறாங்களாம். பில்லு தொலைஞ்சு போச்சாம், ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா வண்டியைக் குடுத்துர்றேன், வேற ஆளும் கேக்குறாங்க, 500 ரூபா அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்கன்னு விக்கிறவரு சொல்றாராம். இது திருட்டு வண்டியா இல்லையான்னு எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது, அப்படி இருந்தா எனக்கு என்ன ஆகும்னு கேட்டிருக்காரு.

தம்பி, உங்களுக்கு என்ன ஆகும்ங்கிறதை மொதல்ல சொல்லிர்றேன். திருட்டுப் பொருளைக் காசு குடுத்து வாங்குனாலும் அது உங்க பொருள் ஆகாது. வித்தவனுக்கே சொந்தமில்லாததை அவனால உங்களுக்குச் சொந்தமாக்க முடியாது, 1930ல வந்த சரக்கு விற்பனைச் சட்டமே இதைத்தான் சொல்லுது. சொந்தக்காரர் ஸ்டேசன்ல போய் நின்னா போலீஸ் வண்டியை எடுத்துக்கும், உங்க 3,500ஐ வித்தவனைத் தேடிப் பிடிச்சு நீங்கதான் வாங்கணும். இதுக்கு மேல, 2024 ஜூலை 1ல இருந்து நடப்புல இருக்கிற புது குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதால 317வது பிரிவு இருக்கு, பழைய ஐபிசில (இந்திய தண்டனைச் சட்டத்துல) இது 411. திருட்டுன்னு தெரிஞ்சோ, அப்படி நம்புறதுக்குக் காரணம் கண்ணு முன்னாடி இருந்தும் நேர்மையில்லாம வாங்கி வச்சிருந்தாலோ, 3 வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். கால்வாசி விலை, பில் இல்ல, வீட்டுக்கு வராதீங்க பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கன்னு மூணும் சேந்து நிக்கும்போது "எனக்குத் தெரியாது சார்"னு சொன்னா யாரு நம்புவா?

பைக்குன்னா ஆர்சி இருக்கு, நம்பரைப் போட்டா போன்லயே ஓனர் விவரம் ஓரளவு வந்துரும். சைக்கிளுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது. அதுக்குன்னு இருக்கிற ஒரே அடையாளம் பிரேம் நம்பர்தான். வண்டியைத் தலைகீழா கவுத்து நிறுத்துங்க, ரெண்டு பெடலும் சேர்ற உருளை இருக்கும்ல, பெரும்பாலும் அதுக்கு அடியில குத்தியிருக்கும். அங்க இல்லன்னா சீட் கம்பி இறங்குற குழாய்ல, ஹேண்டில்பாருக்குக் கீழ, பின் சக்கரம் மாட்டுற இடத்துல பாருங்க. சேறும் கிரீசும் அப்பியிருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால தொடைங்க, அப்பயும் தெரியலன்னா ஒரு மெல்லிசு பேப்பரை வச்சு மேல பென்சிலைச் சாய்ச்சு தேச்சா எழுத்து எந்திரிச்சு வரும்.

நம்ம கடக்கரையில இதுல ஒரு சிக்கல் இருக்கு, இதை நல்லா கவனிச்சுக்கங்க. உப்புக்காத்துல நம்பரு தன்னாலயே அரிச்சுப் போயிரும், அதனால நம்பர் தெரியலன்ன உடனே திருட்டுன்னு முடிவு கட்டிரக்கூடாது, தெரியாததுக்கு உப்பு காரணமா அரம் காரணமான்னு பாக்கணும். உப்பு தின்ன இடம் சமமா இருக்காது, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா எந்திரிச்சு உள்ள செம்பழுப்பா குழி குழியா இருக்கும், ஒரு எழுத்து பாதி தெரியும் இன்னொண்ணு தெரியாது, சுத்தியிருக்கிற நட்டு, செயின், போக்ஸ் கம்பி எல்லாமும் அதே மாதிரி துரு ஏறித்தான் இருக்கும். அரம் போட்டு ராவுன இடம் வழவழன்னு தட்டையா இருக்கும், டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சா ஒரே திசையில கோடு கோடா கீறல் தெரியும், விரலை வச்சுத் தடவுனா லேசா பள்ளம் தட்டும், அநேகமா அந்த இடத்துக்கு மட்டும் புது பெயிண்ட் கெட்டியா அடிச்சிருப்பாங்க. மத்த உடம்பெல்லாம் சுத்தமா இருந்து நம்பர் இருக்கிற நாலு விரக்கட இடம் மட்டும் இப்படி இருந்துச்சுன்னா பேசாம கிளம்பி வந்துருங்க. இதே உப்பை வச்சு இன்னொண்ணும் பாக்கலாம். பாம்பன்லயோ மண்டபத்துலயோ வாங்குன நாள்லருந்து அஞ்சு வருசமா ஓட்டுறேங்குறாரு, ஆனா ரிம்முலயும் போக்ஸ் கம்பியிலயும் ஒரு பொட்டு துரு இல்லன்னா, எல்லாம் புதுசா மாத்துனீங்களா, எந்தக் கடையிலன்னு கேளுங்க.

அடுத்து பூட்டு. பின் சக்கரத்துல வளையப் பூட்டு இருக்கிற வண்டின்னா ரெண்டு சாவியையும் கேளுங்க. அந்தப் பூட்டைக் கம்பி விட்டு நெம்பி ஒடைச்சிருந்தா பூட்டு ஒக்காந்திருந்த ரெண்டு பக்கக் குழாய்லயும் வடு விழுந்திருக்கும், பக்கத்துல ரெண்டு மூணு போக்ஸ் கம்பி வளைஞ்சிருக்கும், இல்ல அது மட்டும் பளபளன்னு புதுசா மாத்தியிருக்கும். செயின் கவர்லயோ மட்கார்டுலயோ பேரு எழுதி சுரண்டுன தடம் இருந்தா அது யாரு பேருன்னு கேளுங்க. சாவியைத் தொலைச்சிட்டு தன் பூட்டையே ஒடைக்கிறவங்களும் உண்டுதான், அதனால ஒரு அடையாளத்தை மட்டும் வச்சு ஆளைக் கள்ளன்னு சொல்லிராதீங்க, பாவம் அது.

எனக்கென்னமோ வண்டியைப் பாக்குறதை விட விக்கிறவரு வீட்டைப் பாக்குறதுதான் பெருசுன்னு தோணும். பகல்ல அவரு வீட்டுக்கே போய் வாங்குங்க. சொந்த வண்டின்னா எந்தக் கடையில எடுத்தது, கடைசியா எங்க பஞ்சர் ஒட்டுனது, எந்த கியர்ல மக்கர் பண்ணும்னு கேட்ட உடனே வரும், தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கும் அந்த வண்டி தெரிஞ்சிருக்கும். என் வண்டிதான்னு ஆறடி ஆளு சொல்லும்போது சீட்டு சின்னப்புள்ள உயரத்துல துரு புடிச்சு இறுகிக் கெடந்தா அது யாரு ஓட்டுனதுன்னு கேக்கணும்ல. வெளிநாடு கிளம்புறேன் அதான் அவசரமா தள்ளுறேன்னு சொல்றது கீழக்கரை, தொண்டி பக்கமெல்லாம் நெசமாவே நடக்கிறது, அதுக்காக சந்தேகப்பட வேண்டாம், ஆனா வெளிநாடு போறவருக்கும் இங்க வீடும் வீட்டு ஆளுகளும் இருப்பாங்கல்ல.

இன்னொரு கதைக்கு நம்ம பக்கத்து ஆளுக ரொம்ப உசாரா இருக்கணும். உச்சிப்புளியில கடற்படை விமானதளம் இருக்கு, மண்டபத்துல கோஸ்ட் கார்டு இருக்கு, அதனால "நேவில இருக்கேன், ட்ரான்ஸ்பர் ஆயிருச்சு"ன்னா டக்குன்னு நம்பிருவோம். ஐடி கார்டு போட்டோவெல்லாம் அனுப்பி, வண்டியை லாரியில ஏத்திட்டேன் மொதல்ல காசு போடுங்கம்பாங்க, கடைசியில வண்டியே இருக்காது. வண்டியைத் தொட்டுப் பாக்காம அஞ்சு பைசா அனுப்பாதீங்க.

ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுக்கிற சைக்கிள் நெறைய கைமாறுது. அதெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதால ஒண்ணு காணாமப் போனா பிரேம் நம்பரைத் தவிர வேற எதுலயும் கண்டுபிடிக்க முடியாது. அரசு முத்திரையைச் சுரண்டுன வண்டியைத் தொடாதீங்க, பள்ளிக்கூடத்துப் பையன் தனியா வந்து வித்தா அவங்க அப்பா அம்மாகிட்ட பேசாம வாங்காதீங்க.

எல்லாம் சரியா இருந்தா ஒரு வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிக்கங்க: அவரு பேரு, அப்பா பேரு, விலாசம், போன் நம்பர், வண்டி கம்பெனி, கலரு, பிரேம் நம்பர், விலை, தேதி, ரெண்டு பேரு கையெழுத்து. ஆதார் கேட்டா தயங்குவாங்க, கடைசி 4 நம்பர் மட்டும் தெரியிற ஆதார் எடுத்துக்கலாம், அது போதும். காசை ஜிபேல அந்தப் பேருக்கே அனுப்புங்க, கணக்கு நிக்கும். திருட்டு வண்டியா இருந்தா இந்தத் தாளு வண்டியைக் காப்பாத்தித் தராது, ஆனா நீங்க விசாரிச்சுத்தான் வாங்குனீங்கன்னு காட்டும், காசைத் திருப்பிக் கேக்கவும் ஒதவும்.

வாங்குனதுக்கு அப்புறம் சந்தேகம் வந்தா வேற ஆள் தலையில கட்டிராதீங்க, அப்போ நீங்களும் மாட்டுவீங்க. தாளையும் வண்டியையும் கொண்டு போய் பக்கத்து ஸ்டேசன்ல சொல்லி, புகாரைப் பதிஞ்சதுக்கு அவங்க குடுக்கிற சிஎஸ்ஆர் ரசீதை வாங்கிக்கங்க.

உங்க விசயத்துக்கு, தம்பி, அந்த 500ஐ இன்னும் அனுப்பலன்னா அனுப்ப வேண்டாம். பிரேம் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்க, நாளைக்குப் பகல்ல நான் வீட்டுக்கே வர்றேன்னு சொல்லிப் பாருங்க, மழுப்புனா அதோட விட்ருங்க. அனுப்பிட்டீங்க, ஆளு இப்போ போனை எடுக்கலன்னா இன்னைக்கே ஆன்லைன் பண மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு புகார் குடுங்க, நேரம் ஆக ஆக அந்தக் காசை நிறுத்துறது கஷ்டம்.