முதலில் கத்திக் காயம் ஆறட்டும்

கேள்வி: ஏழு நாள் எலிக்குட்டியின் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியை மெல்லிய துண்டுகளாக ஸ்லைஸ் போட்டு வளர்க்கிறேன். பக்கவாதத்தில் நரம்பு செல்கள் சாவதைப் புரிந்துகொள்ள, மூன்றாம் நாள் ஆக்சிஜனும் குளுக்கோஸும் இல்லாமல் ஒரு மணி நேரம் வைக்கிறேன். மறுநாள் ப்ரோபிடியம் அயோடைடு சாயத்தில் பார்த்தால் ஒப்பீட்டுக்காக அப்படி வைக்காமல் விட்ட கண்ட்ரோல் ஸ்லைஸும் சிவந்திருக்கிறது. எங்கே தவறு? – ஓர் ஆய்வு மாணவி

பதில்: நாள் கணக்கில்தான் தவறு. ப்ரோபிடியம் அயோடைடு, சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் புகுந்து டிஎன்ஏவில் ஒட்டி ஒளிரும். 400 மைக்ரான் தடிமனில் வெட்டும்போது இரு பரப்பிலும் இருக்கும் செல்கள் அறுபடுகின்றன. வெளியிலிருந்து ஹிப்போகாம்பஸுக்கு வரும் நரம்பிழைகளும் துண்டாகின்றன. அந்தச் சேதம் அடங்கவே பல நாள் ஆகும். மூன்றாம் நாள் நீங்கள் அளந்ததில் பெரும்பகுதி உங்கள் கத்தி செய்த காயம்.

1991-இல் ஸ்டோப்பினி குழு வெளியிட்ட முறைப்படி, ஸ்லைஸ் நுண்துளை மெம்பிரேன் மேல் படுத்திருக்கும். கீழே மீடியம் எனும் ஊட்டக் கரைசல், மேலே காற்று. இப்படி 10 முதல் 14 நாள் விடுங்கள். நல்ல ஸ்லைஸ் மெம்பிரேனோடு ஒட்டி, தட்டையாகி, ஓரம் கண்ணாடி போலத் தெளியும். செல் வரிசை வளைந்து ஓடுவது மைக்ராஸ்கோப்பில் தெரியும். வெள்ளையாக, தடிப்பாகவே கிடப்பது பிழைக்காது.

சோதனைக்கு முன் சாயம் போட்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள். செல் வரிசையில் சிவப்பு தெரிந்தால் அந்த ஸ்லைஸை ஒதுக்குங்கள். இதை எந்த ஸ்லைஸ் எந்தக் குழுவுக்கு என்று பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். பிறகு ஒதுக்கினால் நம்மை அறியாமலே முடிவுக்குச் சாதகமாகக் கழித்துவிடுவோம்.

பலர் கோட்டை விடும் சின்ன விஷயம் ஒன்று உண்டு. ஸ்லைஸை வைத்ததும் அதைச் சுற்றித் தேங்கும் சொட்டை மெல்லிய பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். மேலே நீர்ப்படலம் தடித்தால் ஆக்சிஜன் உள்ளே இறங்காது. நடுப்பகுதி மூச்சுத் திணறிச் சாகும். மீடியம் மெம்பிரேனின் அடியைத் தொட்டால் போதும், மேலே ஏறக் கூடாது.

அடுத்தது வெப்பம். நான் முதலில் விசாரிப்பதே இதைத்தான். குளுக்கோஸ் இல்லாத கரைசலில் 95% நைட்ரஜன், 5% கார்பன் டை ஆக்சைடு கலவையை முன்கூட்டியே குமிழ விட்டிருப்பீர்கள். ஆனால் வாயு ஓடும்போது அறை குளிர்ந்துவிடும். இரண்டு மூன்று டிகிரி இறங்கினாலே நரம்பு செல்லுக்கு அது பாதுகாப்பு; ஒரு நாள் பெரிய சேதம், மறுநாள் ஒன்றுமில்லை என்று எண்கள் ஆடும். இன்குபேட்டரின் திரையை நம்பாமல், ஸ்லைஸ் இருக்கும் இடத்திலேயே தெர்மாமீட்டர் வைத்து 37 டிகிரியை உறுதி செய்யுங்கள்.

24 மணி நேரம் கழித்துப் பார்க்கையில் ஹிப்போகாம்பஸின் சிஏ1 பகுதிதான் அதிகம் சிவக்க வேண்டும். அதன் மற்றப் பகுதிகளான சிஏ3-யும் டென்டேட் கைரஸும் ஓரளவு தாங்கும். இதயம் நின்று மீண்ட மனிதர்களின் மூளையிலும் முதலில் அடிபடுவது சிஏ1 என்பதால்தான் இந்த மாடலுக்கு மதிப்பு. ஸ்லைஸ் முழுக்க ஒரே சீராகச் சிவந்தால், வேறெங்கோ கோளாறு என்று சந்தேகப்படுங்கள். நரம்பு செல்களைத் தூண்டும் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளின் என்எம்டிஏ ஏற்பியை அடைக்கும் மருந்தான எம்கே-801 கொடுத்த குழு ஒன்றும் கட்டாயம் வேண்டும். அதில் சேதம் குறைந்தால், குளூட்டமேட் வழியாக வரும் காயத்தைத்தான் அளக்கிறீர்கள் என்று தைரியமாக எழுதலாம்.

ஒரே குட்டியின் எட்டு ஸ்லைஸை எட்டு மாதிரியாக எண்ணாதீர்கள். குட்டிகளின் எண்ணிக்கைதான் கணக்கு. ஒவ்வொரு குட்டியின் ஸ்லைஸையும் எல்லாக் குழுவுக்கும் பங்கிடுங்கள்.

இந்த ஸ்லைஸில் ரத்த ஓட்டம் கிடையாது. செல்லைக் காக்கும் மருந்தைச் சோதிக்க நல்ல இடம்; ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துதான் உங்கள் கேள்வி என்றால், உயிருள்ள விலங்கில் செய்யும் சோதனைக்குத்தான் போக வேண்டும்.