மெண்டல்சோன், ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பீத்தோவன் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் மேற்கத்திய இசை கேட்க ஆரம்பித்தேன். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சோனின் வயலின் கான்செர்டோ (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிப்பது) முதல் தடவையே பிடித்துப்போனது. ஆனால் அவரைப் பற்றித் தேடினால், ‘வங்கிக்காரர் வீட்டுப் பிள்ளை, கஷ்டம் தெரியாதவர், இனிமை உண்டு, ஆழம் இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். என் ரசனை தப்போ என்று சந்தேகமாக இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தப்பே இல்லை. காதுக்குப் பிடித்ததை அடுத்தவர் பேச்சுக்காக விட்டுவிடாதீர்கள்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மெண்டல்சோன் 1847இல், 38 வயதில் இறந்தார். மூன்று வருடம் கழித்து ஓபரா இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். யூதருக்குத் திறமை எவ்வளவு இருந்தாலும் மனதின் ஆழத்தைத் தொடும் இசை வராது என்பது அதன் சாரம். அதற்கு அவர் காட்டிய உதாரணம், யூதக் குடும்பத்தில் பிறந்த மெண்டல்சோன். ஏழு வயதிலேயே ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவரானவர் மெண்டல்சோன், அதுகூடக் கணக்கில் வரவில்லை. 1936இல் லைப்சிக்கில் இருந்த அவரது சிலையை நாஜிகள் அகற்றினார்கள். ‘ஆழம் இல்லை’ என்று இன்றைக்கு எழுதுகிற பலருக்கு இந்த வேர் தெரிந்திருக்காது.

வசதியான வீடு என்பது உண்மைதான். அந்த வீட்டில்தான் பாட்டி அவருக்கு, பழைய ஜெர்மன் மேதை பாஹின் ‘மத்தேயு பாஷன்’ (ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பெரிய கோரஸ் படைப்பு) பிரதியைப் பரிசாகத் தந்தார். பாஹ் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தப் படைப்பை ஏறக்குறைய எல்லோரும் மறந்துவிட்டார்கள். அதை மேடையேற்ற மெண்டல்சோனின் இசை ஆசிரியர் செல்ட்டரே தயங்கினார். 1829 மார்ச் 11 அன்று பெர்லினில் அதை மேடையேற்றி நடத்தியபோது மெண்டல்சோனுக்கு வயது 20! டிக்கெட் கிடைக்காமல் பலர் திரும்பிப்போக, பத்தே நாளில் மறுபடியும் நடத்தினார்கள். இன்று நாம் பாஹைக் கொண்டாடுவதில் அந்த மாலைக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம் இசையமைப்பாளர் ஷூபர்ட். அவர் இறந்து பத்து வருடம் கழித்து, அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனி வியன்னாவில் அண்ணன் வீட்டில் கிடந்ததை இன்னொரு இசையமைப்பாளரான ஷூமன் பார்த்தார். அதை 1839இல் லைப்சிக்கின் கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவோடு முதலில் நடத்தியவர் மெண்டல்சோன். லண்டனில் அதே சிம்பொனியின் ஒத்திகையில் வாத்தியக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். மெண்டல்சோன் அதை நிகழ்ச்சியிலிருந்தே திரும்பப் பெற்றுக்கொண்டார். இசை நடத்துநராக அவர் செய்ததையும் அவரது படைப்புகளோடு சேர்த்தே நான் பார்க்கிறேன். அடுத்தவர் இசையின் ஆழத்தை இப்படிக் கண்டுகொள்கிறவருக்கு ஆழம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கஷ்டம் தெரியாதவரா? 1847 மே மாதம் அக்கா ஃபான்னி திடீரென்று இறந்தார். அவரும் இசையமைப்பாளர், இவருடைய முதல் விமர்சகர். அந்தக் கோடையில் சுவிட்சர்லாந்தில் உட்கார்ந்து எஃப் மைனர் நால்வர் இசையை (நான்கு தந்தி வாத்தியங்களுக்கானது) எழுதினார். நவம்பரில் இவரும் போய்விட்டார். அந்த நால்வர் இசையின் ஆரம்பத்திலேயே தந்திகள் நடுங்குகின்றன, கோபமா அழுகையா என்று பிரிக்க முடியாது. நீங்கள் மெதுவாகச் செல்லும் மூன்றாம் பகுதியான அடாஜியோவை முதலில் கேளுங்கள். பிறகு தொடக்கத்திலிருந்து முழுதாக ஒருமுறை. கேட்டுவிட்டு எழுதுங்கள்.