பேட்டரன் என்றால் என்ன? ஒரு ரோமானிச் சொல் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி (ஆங்கில இலக்கிய மாணவி, திருச்சி): ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் 'தி ஜிப்ஸி டிரெயில்' கவிதையில் "ரோமானி பேட்டரனைப் பின்தொடர்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. பேட்டரன் என்றால் பாதைதானே?

பதில்: கவிதையை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது பாதை அல்ல, பாதையில் போட்டுவிட்டுப் போகும் அடையாளம். ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமானி மக்களின் குடும்பங்கள் இங்கிலாந்தில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன காலத்தில், முன்னால் போனவர்கள் வழியில் கைப்பிடிப் புல்லையோ இலைகளையோ போட்டு வைப்பார்கள். பின்னால் வரும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரிந்துகொள்வார்கள். மற்றவர் கண்ணுக்கு அது வெறும் சருகு. கிப்ளிங் அதை வடக்கே பனிப்பாறை, மேற்கே மறையும் சூரியன் என்று உலகப் பெருவழியாக விரித்துவிட்டார். அழகான கவிதைதான். ஆனால் வழி தவறாமல் உறவுகளோடு சேர்வதற்கான ஏற்பாடு அது என்பது வாசகருக்கு எட்டுவதில்லை. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

கேள்வி (நூலகர், மதுரை): கிப்ளிங்குக்கு முன்னால் யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில்: ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் பாரோ. 1857இல் வந்த அவருடைய 'தி ரோமனி ரை' நூலில் உர்சுலா என்ற ரோமானிப் பெண் இதை விளக்குகிறாள். பேட்டரன் என்பது இலைக்கான பழைய பெயர், இன்று தன் மக்களிலேயே அது பெரும்பாலும் யாருக்கும் தெரியாது என்கிறாள். சொல் அடையாளத்துக்குப் பெயராக நிலைத்துவிட, இலை என்ற பொருள் மறந்துபோயிருக்கிறது. ஐரோப்பாவின் பிற பகுதி ரோமானியில் 'பத்ரின்' என்றால் இன்றும் இலை, புத்தகத்தின் பக்கம். ஆங்கில 'பேட்டர்ன்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவே இல்லை. பலர் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்.

கேள்வி (தமிழாசிரியர், தஞ்சாவூர்): பத்ரின், நம் பத்திரிகை... ஒரே வேரா?

பதில்: ஆம். இரண்டும் இலையைக் குறிக்கும் சமஸ்கிருத 'பத்ர'த்தோடு தொடர்புடையவை. வில்வபத்திரம் என்கிறோமே, அதே சொல். ஆனால் இதை வைத்து ரோமானி தமிழிலிருந்து வந்தது என்று யாரும் கிளம்ப வேண்டாம். ரோமானி இந்தோ-ஆரிய மொழி, அதாவது சமஸ்கிருதத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. நமக்கு அந்தச் சொல் கடனாக வந்தது, அவர்களுக்கு அது குடும்பச் சொத்து.

கேள்வி (வாசகர், சேலம்): ஆங்கிலத்தில் வேறு ரோமானிச் சொற்கள்?

பதில்: நண்பனைச் சொல்லும் 'பேல்'. ரோமானியில் 'ப்ரல்', அதாவது உடன்பிறந்தவன். ஆங்கிலத்தின் 'பிரதர்' என்ற சொல்லுக்கும் இதற்கும் ஆதி வேர் ஒன்றுதான்.

கேள்வி (வாசகி, கோவை): அடையாளத்தை ஏன் இவ்வளவு மறைவாக வைத்தார்கள்?

பதில்: அந்த மக்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்று பாருங்கள். 1530இல் இங்கிலாந்து அவர்களை நாட்டை விட்டு வெளியேறச் சொல்லிச் சட்டம் போட்டது. 1554இல் வெளியேறாதவர்களுக்கு மரண தண்டனை என்று ஆக்கியது. அப்படிப்பட்ட நாட்டில் தன்னவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு பிடி புல் எவ்வளவு பெரிய துணை!

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், சென்னை): தமிழில் எப்படி எழுதலாம்?

பதில்: 'பேட்டரன்' என்றே விடுங்கள். முதல் முறை வரும் இடத்தில் 'வழியில் இடும் புல் அடையாளம்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 'நாடோடிப் பாதை' என்று மட்டும் தயவுசெய்து மாற்றிவிடாதீர்கள்.