வீடு மாமனார் பெயரில் இருந்தால்?

கேள்வி: கணவர் அடிக்கிறார், வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது. விவாகரத்து கேட்காமலே பாதுகாப்பு கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன் 17-ஆவது பிரிவுப்படி, கணவருடன் சேர்ந்து வாழ்ந்த வீடு உங்கள் பெயரில் இல்லாவிட்டாலும் அதில் வசிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அது மாமனார் வீடாக இருந்தாலும் சரிதான் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சட்டப்படி அல்லாமல் யாரும் உங்களை வெளியேற்ற முடியாது.

இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் போங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தாலும் வழிகாட்டுவார்கள். மாஜிஸ்திரேட்டிடம் 12-ஆவது பிரிவில் நேரடியாகவும் மனு செய்யலாம். தற்காலிகமாகத் தாய்வீட்டில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றமே போதும்.

பலர் கோட்டைவிடுவது, வழக்கு முடியும்வரை தற்காலிக உத்தரவு கேட்கும் இடைக்கால மனுவில்தான். 23-ஆவது பிரிவின்கீழ் பிரமாண வாக்குமூலத்தோடு (அஃபிடவிட்) கேட்டால், எதிர்த்தரப்பு வருமுன்பே உத்தரவு பெறலாம். "அடிக்கடி அடித்தார்" என்று பொதுவாக எழுதாதீர்கள். எந்தத் தேதி, எதைக் கொண்டு அடித்தார், எங்கே காயம் என்று எழுதி, மருத்துவச் சீட்டையும் இணையுங்கள்.

கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லி உத்தரவு கேட்கலாம். மாமியாரை அப்படி வெளியேற்ற இந்தச் சட்டம் இடம் தராது. பாதுகாப்பு உத்தரவைக் கணவர் மீறினால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவின் நகல் உங்களுக்கு இலவசம். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.